நாலு பேர் மட்டும்

ஜன்னல் ஒன்றுக்குக் கர்ட்டன் வாங்க வந்தவர், வீடு முழுவதற்கும் வாங்கிக்கொண்டு போவார். ஸாலிஹின் வாய் அப்படிப்பட்டது. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இருந்த அவனுடைய கடைக்குள் கால் வைத்தவர்கள் வெறுங்கையோடு வெளியேறியதாகச் சரித்திரம் இல்லை. சிங்கள நோனாவிடம் சிங்களத்தில் குழைவான், தமிழ் டீச்சரிடம் தமிழில் குழைவான், இரண்டும் தெரியாத வெளிநாட்டுக்காரரிடம் துணியை விரித்துக் காட்டியே குழைவான். ஆனால் கடையை மூடி வீட்டுப் படி ஏறியதும் அந்த வாய்க்கு யாரோ பூட்டுப் போட்டுவிடுவார்கள். வீட்டில் எதைக் கேட்டாலும் அவனிடம் இருந்து வருகிற ஒரே பதில் "பாப்பம்" என்பதுதான்.

அந்தப் 'பாப்ப'த்தைக் கேட்டுக் கேட்டு அவன் மனைவி றமீலாவுக்குக் காது புளித்துவிட்டது. தனியாக வாடகைக்கு வீடு பார்ப்போமா என்று கேட்டாள். பாப்பம். மேல்மாடிக்கென்று ஒரு கதவாவது போடுவோமா என்று கேட்டாள். பாப்பம். கடைசியில் ஒரு நாள், மகள் நிம்றாவின் யூனிஃபோமை அயர்ன் பண்ணிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

"எனக்கி ஊடும் வாணாம், கதவும் வாணாம். ஸ்கூல் லீவுக்கு மூணு நாள் கடல் பக்கம் கூட்டிக்கிட்டுப் போங்க. டென்ட் அடிச்சி ஈப்பம். நாங்க நாலு பேர் மட்டும். அதுவும் ஒங்களுக்கு ஏலாட்டி, நான் புள்ளகளக் கூட்டிக்கிட்டு வெலிகமைக்கு நானாட ஊட்டுக்குப் போயிடுவேன். திரும்பி வர மாட்டேன்."

"என்ன றமீலா, இதுக்குப் போய்..."

"சண்டைக்குச் சொல்லல்ல. உள்ளதத்தான் சொல்றேன்."

சண்டைக்குச் சொல்லியிருந்தால் அவன் பயப்பட்டிருக்க மாட்டான். சண்டை பிடிக்கிற பெண் இன்னும் வீட்டுக்குள் இருக்கிறாள் என்று அர்த்தம். இவள் சட்டைக் கொலரை மடித்து அழுத்திக்கொண்டே, நாளைக்கு என்ன கறி என்று சொல்கிற குரலில் சொன்னாள்.

அந்த வீடு ஸாலிஹுடையது அல்ல. அவனுடைய அக்கா, பர்ஸானா ராத்தாவுடையது. வாப்பா கட்டியது, வழக்கப்படி மகளுக்குக் கல்யாணத்தோடு எழுதிக் கொடுத்தது. ஆண் பிள்ளை போகிற இடத்தில் வீடு கிடைக்கும் என்பது கணக்கு. றமீலாவுக்குக் கொடுக்க அவளுடைய வாப்பாவிடம் கொழும்பில் வீடு இருக்கவில்லை. அதனால் கல்யாணம் முடித்த தம்பியை மனைவியோடு மேல்மாடியில் இருக்கச் சொன்னாள் ராத்தா. வாடகை என்று வாய் திறந்து ஒரு நாளும் கேட்டதில்லை.

ராத்தா கெட்டவளா என்றால், இல்லவே இல்லை. தங்கமான மனுஷி. அதுதானே தொல்லை. கெட்டவளாக இருந்தால் எப்போதோ சண்டை பிடித்துக்கொண்டு வெளியேறியிருக்கலாம். காலையில் கதவு இல்லாத மாடிப்படியால் மேலே வருவாள், ஃபிரிஜ்ஜைத் திறந்து பார்ப்பாள், அடுப்பில் இருக்கிற கறியைக் கரண்டியால் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, "உப்புக் கொஞ்சம் காணாது மகள்" என்பாள். பின்னாலேயே பேப்பரைத் தேடிக்கொண்டு அவளுடைய புருஷன் பாஹிம் வருவார். அவர் எந்த நேரம் வருவார் என்று தெரியாததால் றமீலா சமையலறைக்குள்ளும் முக்காட்டோடுதான் நிற்பாள். கல்யாணம் முடித்த நாளில் இருந்து தன் வீட்டுக்குள் தலைமுடியைக் காயவிட்டு நடக்க அவளுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

வெலிகமையில் அவள் பிறந்த வீட்டுக்கு, இப்போது அவளுடைய அண்ணன் இருக்கிற வீட்டுக்கு, பின்னால் கடல். சுபஹுத் தொழுத கையோடு, ஆள் நடமாட்டம் தொடங்க முன்னர், மச்சிமாரோடு கடலில் இறங்கி நீந்திவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவாளாம். நிச்சயம் பண்ணிய காலத்தில் டெலிபோனில் அவள் சொன்ன முதல் கதையே அதுதான். "நானும் ஒன்ன கடலுக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று அன்றைக்கு அளந்துவிட்டவனும் இவன்தான்.

ஆக, ஸாலிஹ் இந்தத் தடவை 'பாப்பம்' சொல்லவில்லை. "போவம்" என்றான். தெஹிவளையில் ஒரு கூட்டாளியிடம் டென்ட் இரவல் வாங்கினான். கேஸ் குக்கர், பாய், நீந்தத் தெரியாத நிம்றாவுக்கு ஒரு ரப்பர் வளையம் எல்லாம் சேர்த்தான். தங்காலை தாண்டி, தென்னந்தோட்டத்தோடு சேர்ந்த கடற்கரையில் டென்ட் அடிக்க ஓர் இடமும் பேசி வைத்தான். காலியில் எங்கே நிற்பது, திக்வெல்லையில் எங்கே சாப்பிடுவது என்று மகன் அப்ஹாமோடு போனில் ரோட்டுப் படத்தைப் பார்த்துப் பார்த்துக் குதூகலித்தான். றமீலா சிரித்தாள். அந்தக் கிழமை அவள் இரண்டு தரம் சிரித்ததை அவன் கண்டான்.

புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் டென்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படியால் இறங்கினான். கீழே வாசலில் ராத்தா முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எங்க மகன் பயணம்?" தம்பியையும் அவள் மகன் என்றுதான் கூப்பிடுவாள்.

"சும்மா, தங்காலைப் பக்கம். மூணு நாள்."

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தியிருந்தால் ஒன்றும் குடி முழுகியிருக்காது. ஆனால் இந்த மனிதர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எதிரில் ஆள் இருக்கும்போது தேநீர்க் கோப்பையை வாயில் வைக்க முன்னர் "குடிக்கிறீங்களா?" என்று கேட்டாக வேண்டும். கேட்கிறவன் குடிக்கத் தரப்போவதில்லை, கேட்கப்பட்டவர் குடிக்கப்போவதும் இல்லை. இருந்தாலும் கேட்காவிட்டால் தொண்டையில் இறங்காது. ஸாலிஹும் கேட்டான்.

"நீங்களும் வாங்களே ராத்தா."

அவள் வரமாட்டாள் என்று அவன் சத்தியமாக நம்பினான். நாலடி தூரத்தில் இருக்கிற காலிமுகத்திடல் கடற்கரைக்கே காற்று ஒத்துக்கொள்ளாது என்று போகாதவள். ராத்தா இலை ஆய்வதை நிறுத்திவிட்டுத் தம்பியின் முகத்தைப் பார்த்தாள்.

"நீ கூப்பிட்டா வராம ஈக்கேலுமா மகன்? மச்சானயும் ரெடியாகச் சொல்றேன்."

ஸாலிஹ் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு டென்டை வேனில் வைத்தான். றமீலாவிடம் இரவு சொல்லலாம் என்று நினைத்தான். இரவு, காலையில் சொல்லலாம் என்று நினைத்தான்.

காலையில் சொல்லத் தேவை இருக்கவில்லை. றமீலா பையோடு இறங்கி வந்தபோது வேனின் முன் சீட்டில் முதுகுக்குத் தலையணை வைத்து ராத்தா உட்கார்ந்திருந்தாள். பாஹிம் மச்சான் மருந்துப் பெட்டியையும் வெந்நீர்ப் போத்தலையும் காலடியில் அடுக்கிக்கொண்டிருந்தார். றமீலா ஸாலிஹைப் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. பஸ் போய்விட்டதைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். கையில் இருந்த பையை வேனுக்குள் வைத்துவிட்டுத் திரும்ப மேலே போனாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பையோடு வந்தாள். முதல் பையைவிடப் பெரியது.

"மூணு நாளைக்கி இவ்வளவு உடுப்பா?" என்று ஸாலிஹ் பகிடி விட்டான். யாரும் சிரிக்கவில்லை.

பாணந்துறை தாண்ட முன்னர் ராத்தாவுக்கு வாந்தி வந்தது. பேருவளையில் பாஹிமுக்கு இரத்தத்தில் சீனி குறைந்தது. ஹிக்கடுவையில் பிள்ளைகள் ஆமை பார்க்கக் கேட்டார்கள், ராத்தா "வெயில் மகன்" என்றாள், வேன் நிற்கவில்லை. பின் சீட்டில் இருந்த றமீலா வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். வெலிகமைக் குடா தெரிந்தபோது மட்டும் முன்னால் குனிந்து, நிம்றாவுக்கு விரலால் எதையோ காட்டினாள்.

தோட்டத்துக் காவல்காரர் அவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு, "டென்ட் எக்கய்த மாத்தயா?", டென்ட் ஒன்றுதானா ஐயா, என்று கேட்டார். ஒரே டென்ட்தான். நாலு பேருக்கான டென்டுக்கு ஆறு பேர். ஸாலிஹ் என்ன செய்வான்? ராத்தாவும் றமீலாவும் நிம்றாவும் டென்டுக்குள், பாஹிமும் ஸாலிஹும் அப்ஹாமும் வேனுக்குள் என்று பிரித்தான். கல்யாண வீட்டில் பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம் என்று பிரிப்பார்களே, அதே ஒழுங்கு. தலாக் கொடுத்த புருஷன் பெண்சாதி கூட இதைவிடக் கிட்டத்தில் இருந்திருப்பார்கள்.

பின்னேரம் பிள்ளைகள் கடலில் இறங்கினார்கள். கண்ணாடி மாதிரிக் கடல். அந்தக் கரையில் வேறு ஒரு குருவி கூட இல்லை. றமீலா கருப்பு அபாயாவோடும் முக்காட்டோடும் கணுக்கால் தண்ணீரில் நின்றாள்.

"உம்மா, வாங்களே! ஆழம் இல்ல!" என்று நிம்றா அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

றமீலா திரும்பிப் பார்த்தாள். கரையில் பாய் விரித்து, கால் நீட்டி, கடலைப் பார்த்தபடி பாஹிம் உட்கார்ந்திருந்தார். பாவம், அவர் அவளைப் பார்க்கவே இல்லை. அவர் பாட்டுக்கு மரவள்ளிப் பொரியல் தின்றுகொண்டிருந்தார். ஆனால் அந்நிய ஆண் பார்க்கிறானா இல்லையா என்பதல்லவே விஷயம், இருக்கிறானா என்பதுதானே.

"நீங்க குளிங்க மகள். உம்மா பாத்துக்கிட்டு நிக்கிறேன்" என்றாள்.

ஸாலிஹ் அதைக் கண்டான். அவனை ஒரேயடியாகக் கல் என்று சொல்லிவிட முடியாது. மச்சானை எழுப்பி, வாங்க ஒரு நடை தோட்டத்துப் பக்கம் போய் வருவோம் என்று கூட்டிக்கொண்டு போயிருந்தால் போதும். அதை நினைக்கவும் நினைத்தான். நினைத்துக்கொண்டே மச்சானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மரவள்ளிப் பொரியலை எடுத்து வாயில் போட்டான்.

அடுத்த நாள் சுபஹுக்குப் பிறகு வெளிச்சம் லேசாகப் பரவும்போது றமீலா கரையில் தனியாக நின்றாள். ஸாலிஹ் ஓடாத குறையாகப் போய்ப் பக்கத்தில் நின்றான். அவள் நேரத்தை வீணாக்கவில்லை.

"பெலியத்தை ஸ்டேஷன்ல இருந்து கொழும்புக்குக் கோச்சி ஈக்கி. மதினியையும் மச்சானயும் இண்டைக்கி ஏத்தி அனுப்புங்க. மிச்ச நாளாவது நாங்க நாலு பேரும் ஈப்பம்."

"அதெப்படி றமீலா, நானே கூப்பிட்டுட்டு..."

"நீங்கதானே கூப்பிட்ட. நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன். சொன்னா நான் துரத்தினதா ஆகும்." அவள் கடலைப் பார்த்தாள். "இதுதான் கடைசி, இஞ்ச பாருங்க. இதுக்குப் பிறகு நான் ஒண்டும் கேக்க மாட்டேன்."

"சொல்றேன்" என்றான் ஸாலிஹ். அதற்குள் கையை வீசி வீசி, டாக்டர் சொன்ன நடையை நடந்துகொண்டு பாஹிம் அங்கே வந்துவிட்டார். றமீலா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு டென்ட் பக்கம் போனாள்.

ஸாலிஹ் தென்னைகளுக்கு நடுவே நடந்து நடந்து ஒத்திகை பார்த்தான். ராத்தா, கோவிக்க வாணாம், எங்களுக்கு நாலு பேரா கொஞ்சம் ஈக்கணும். எவ்வளவு சின்ன வசனம்! இதைவிடப் பெரிய பொய்களையெல்லாம் தினமும் கடையில் மூச்சுவிடாமல் சொல்கிறவன். நேராக ராத்தாவிடம் போனான். அவள் டென்ட் வாசலில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கேஸ் குக்கரில் தேத்தண்ணி கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் தள்ளி, பாத்திரம் கழுவுகிற சாக்கில் றமீலா குந்தியிருந்தாள். அவளுடைய கை பாத்திரத்தில் ஓடவில்லை.

"ராத்தா, ராவைக்கி நித்திர வந்திச்சா?"

"எங்க மகன்! மணல்ல படுத்து முதுகு ரெண்டாப் பொளந்திட்டு. வயசு போன நேரம்."

வாசலைத் தானாகத் திறந்து, உள்ளே வா என்று கூப்பிடுகிற மாதிரி அல்லவா இது! கோச்சியில் போங்க ராத்தா, ஊட்டுல போய் நல்லாப் படுங்க என்று சொல்லியிருக்கலாம். அவன் வாயைத் திறந்தான். ராத்தா நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்து, நீங்கள் மட்டும் போங்கள் என்று சொல்ல அவனுக்கு வரவில்லை. வந்தது இதுதான்:

"அப்ப ராத்தா, எல்லாரும் இண்டைக்கே திரும்பிடுவமா?"

பின்னால் பாத்திரம் கல்லில் படும் சத்தம் கேட்டது. இரண்டு பேரை அனுப்பச் சொன்னால், அனுப்ப வெட்கப்பட்டு ஊரையே கலைத்துவிட்டான். தன் மனைவியின் கடைசிக் கேள்வியை, தன் பிள்ளைகளின் கடலை, தான் இரவல் வாங்கிய டென்டை, எல்லாவற்றையும் சுருட்டி அக்காவின் முதுகு வலிக்குக் கீழே தலையணையாக வைத்துவிட்டான். டென்டை மடிக்கும்போது றமீலா ஒரு முனையைப் பிடித்து உதவியும் செய்தாள். அவள் முகத்தில் அத்தனை நிம்மதி. காய்ச்சல் விட்ட ஆளின் முகம் மாதிரி இருந்தது. அதைப் பார்த்து, பரவாயில்லை, கோபம் இல்லை என்று அந்த மடையன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

வெலிகமை டவுன் வந்ததும் பின் சீட்டில் இருந்து குரல் வந்தது.

"பள்ளிவாசல் ஒழுங்கையடியில நிப்பாட்டுங்க."

நிறுத்தினான். றமீலா இறங்கினாள். ரப்பர் வளையத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, சிப்பி நிறைத்த போத்தலோடு நிம்றா இறங்கினாள். யாரும் சொல்லாமலே அப்ஹாம் பெரிய பையைத் தூக்கினான். அந்தப் பையின் ஸிப் முழுக்க மூடியிருக்கவில்லை. உள்ளே வெள்ளையாக மடித்து வைத்திருந்தது பள்ளிக்கூட யூனிஃபோம். ஸாலிஹ் அதைப் பார்த்தான். அதற்குக் கீழே புத்தகங்களும் இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்தது.

"எப்ப திரும்பி வாற?" என்று கேட்டான்.

"நான் சொன்னேனே" என்றாள் றமீலா. பிறகு முன் ஜன்னலுக்குக் குனிந்து, "போய்ட்டு வாங்க மதினி. முதுகுக்கு எண்ணெய் பூசுங்க" என்றாள். மூன்று பேரும் ஒழுங்கைக்குள் நடந்தார்கள். நிம்றா மட்டும் திரும்பிக் கை காட்டினாள். வாப்பா பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போவார் என்று அவள் நினைத்திருப்பாள்.

வேன் நகர்ந்தது. அஹங்கமை வந்தபோது, வாயில் வைத்த முறுக்கைக் கடிக்காமலே கையில் எடுத்துவிட்டு ராத்தா கேட்டாள்.

"புள்ளைகள்ட யூனிஃபோம் என்னத்துக்குடா அந்தப் பேக்குல?"

அவள் வேனை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினான். பிறகு எல்லாம் கொட்டுப்பட்டது. றமீலா கேட்டதும், அவன் ஒத்துக்கொண்டதும், நாலு பேர் மட்டும் என்றதும், காலையில் சொல்லப் போய்ச் சொல்லாமல் வந்ததும். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ராத்தா கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முகம் கறுத்துக்கொண்டே வந்தது.

"அட அல்லாஹ்வே! எனக்கு எங்கடா கடல் ஒத்துக்குது? நீ கூப்பிட்டாய். வரல்லண்டா, ராத்தா நம்மள மதிக்கல்லண்டு ஒன்ட மனசு நோவுமே எண்டுதான் முதுகு வலியோட ஏறின. ஒன்ட மச்சான் இண்டைக்கி டாக்டரக் காண எடுத்த நம்பரக் கூட விட்டுட்டு வந்தவர். கேளு வேணுண்டா."

"ஓ" என்றார் பாஹிம், பின்னால் இருந்து. "நான் அண்டைக்கே சொன்ன, இளசுகளோட நாங்க என்னத்துக்குண்டு."

"ஒரு வார்த்த சொல்லீந்தா சந்தோஷமா ஊட்டுல கெடந்திருப்பேனே! எனக்கென்ன, மேல ஏறி வந்து அந்தப் புள்ளட சட்டிய நக்கிப் பாக்காட்டிச் சோறு செமிக்காதா? தனியா ஈக்கிறா, ஒத்தாசைக்கு ஆளில்ல, நான் வராட்டி மனசு நோகும் எண்டுதானே ஏறி ஏறி வந்த!"

ஸாலிஹுக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது, அழுகையும் வந்தது. அவன் கூப்பிட்டது அவள் மனம் நோகாமல் இருக்க. அவள் வந்தது அவன் மனம் நோகாமல் இருக்க. இத்தனை வருஷமும் ஒருவர் மனதை ஒருவர் நோகாமல் பார்த்துக்கொண்டார்கள். நொந்தது நடுவில் நின்றவள்.

"திருப்புடா வேன" என்றாள் ராத்தா. "எங்க ரெண்டு பேரையும் வெலிகமை ஸ்டேஷன்ல எறக்கி விடு. நாங்க கோச்சியில போறம். நீ போய் அவளக் கூட்டிக்கிட்டு, எங்கயாவது போ."

திருப்பினான். அவர்களை ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, ஒழுங்கைக்குள் வேனை ஓட்டும்போது அவனுக்கு ஆயிரம் வசனங்கள் வந்தன. கடை வாய் திரும்பி வந்துவிட்டது. மச்சினனின் வீட்டு கேட்டைத் தட்டினான்.

றமீலா பின்பக்கத்தில் இருந்து வந்தாள். பழைய பருத்திச் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. முக்காடு இல்லை. முடி முழுக்க நனைந்து, நுனியில் இருந்து தண்ணீர் சொட்டியது. மூக்கு நுனியில் மணல். இவ்வளவு அழகாக அவளை அவன் கண்டதே இல்லை. பின்னால் கடலில் நிம்றாவும் அப்ஹாமும் கத்துகிற சத்தம் கேட்டது.

"அவங்க ரெண்டு பேரும் கோச்சியில போய்ட்டாங்க" என்றான் மூச்சு வாங்க. "இனி நாங்க நாலு பேர் மட்டுந்தான். டென்ட் வேனுக்குள்ள ஈக்கி. கிரிந்தைக்குப் போவம். எங்க சொல்றியோ அங்க போவம். வேற ஊடும் பாப்... வேற ஊடு எடுப்பம், றமீலா. வா."

றமீலா கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். ஒரு கணம் அவள் கண் வேனின் பக்கம் போய், முன் சீட் காலியாக இருப்பதைப் பார்த்தது. அந்த ஒரு கணம் அவளுக்கும் ஆசை வந்ததை அவன் கண்டான். பிறகு கேட்டாள்.

"நீங்களா அவங்களப் போகச் சொன்ன?"

ஓம் என்று ஒரு சொல் போதும். கடையில் நிறம் போகிற துணியைக் கையில் வைத்துக்கொண்டு நிறம் போகாது என்று அடித்துச் சத்தியம் பண்ணியவன். ஆனால் இவளிடம் பொய் சொல்ல அவனுக்கு எப்போதும் வந்ததில்லை, உண்மை சொல்லவும் வந்ததில்லை. அவன் கீழே பார்த்தான்.

"ராத்தாதான் சொன்ன" என்றான். "திருப்பச் சொல்லி."

றமீலா தலையை ஆட்டினாள். முடியை முன்னால் எடுத்துப் பிழிந்தாள். தண்ணீர் அவனுடைய செருப்பில் விழுந்தது.

"மதினி நல்லவ" என்றாள். "எனக்கி அவங்களோட ஒரு கோவமும் இல்லண்டு சொல்லுங்க."

கேட்டைச் சத்தம் வராமல் சாத்திவிட்டு, பிள்ளைகள் இருந்த பக்கமாகக் கடலுக்குப் போனாள்.